வேகத்தில் வென்று தூரத்தில் தோற்ற மின்சாரக் கார்

கார்களின் வேகச் சாதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதன் முதல் வரியில் இருப்பது ஒரு மின்சார வண்டி. 1898 டிசம்பர் 18 அன்று, பாரிசுக்கு வடமேற்கே அஷேர் என்னும் இடத்தில், மேடுபள்ளமற்ற நேர்ச்சாலை ஒன்றில், ஒரு கிலோமீட்டர் தூரத்தை அது 57 விநாடிகளில் கடந்தது. மணிக்கு 63.15 கிலோமீட்டர் வேகம். ஓட்டியவர் காஸ்தோன் த ஷாஸ்லு-லோபா என்ற பிரபு. வண்டியைச் செய்தவர் ஷார்ல் ழான்தோ. அவர் பெயரில் இயங்கிய கார் நிறுவனம் 1893இல் தொடங்கி 1906இல் மறைந்துபோனது. உலகின் முதல் வேகச் சாதனைக் காரைத் தந்த நிறுவனத்தின் ஆயுள் பதின்மூன்றே ஆண்டுகள்.

மின்சார வாகனங்களைப் பற்றிய இன்றைய விவாதங்களில் இரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. மின்சாரக் கார் என்பது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்பது ஒரு கதை. நூறாண்டுகளுக்கு முன்பே வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த மின்சாரக் காரை எண்ணெய் நிறுவனங்கள் சதி செய்து ஒழித்துவிட்டன என்பது மற்றொரு கதை. ழான்தோவின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் இவ்விரண்டில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது கதையே கூடுதல் ஆபத்தானது என்றும் கருதுகிறேன். முதல் கதை வெறும் அறியாமை. இரண்டாவது, ஒரு நல்ல தொழில்நுட்பம் உண்மையில் ஏன் தோற்றது என்று கேட்கவிடாமல் நம்மைத் தடுத்துவிடுகிறது.

வண்டிப்பட்டறையிலிருந்து வந்தவர்

ழான்தோ அடிப்படையில் குதிரை வண்டிகளைச் செய்பவர். சட்டகம், வில், சக்கரம், இருக்கை ஆகியவற்றை அறிந்த கைவினை மரபிலிருந்து வந்தவர். அவருடைய பெயர் இன்றும் நிலைத்திருப்பது மின்சாரத்தால் அல்ல என்பது இதனால்தான். பிரெஞ்சு மொழியில் வாகனப் பொறியியல் கற்கும் மாணவர், முன்சக்கரங்களைத் திருப்பும் அமைப்பைப் பற்றிய பாடத்தில் ‘ழான்தோ வரைபடம்’ என்ற ஒன்றைக் கட்டாயம் சந்திப்பார். ஆங்கில நூல்கள் அதே பொருளை அக்கர்மன் என்ற பெயரோடு சேர்த்துப் பேசுகின்றன.

அதன் பின்னணி சற்றே விளக்கத்துக்கு உரியது. நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன்அச்சு, நடுவில் ஒரே முளையில் பொருத்தப்பட்டிருக்கும். குதிரை திரும்பினால் அச்சு முழுவதும் சேர்ந்து திரும்பும். திருப்பம் கூர்மையானால் வண்டியைத் தாங்கும் அடித்தளம் குறுகிக் கவிழும் அபாயம் உண்டு. ஒரு சக்கரம் கல்லில் மோதினால் அச்சு முழுவதும் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளப் பார்க்கும். முன்னால் குதிரை இழுத்துப் பிடித்திருக்கும்வரை இது பெரிய குறையில்லை. குதிரையை எடுத்துவிட்டு, ஓட்டுநரின் இரண்டு கைகளே அந்த அச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தபோது இது உயிர்ப்பிரச்சினை ஆகிவிட்டது.

அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி முளை கொடுப்பது இதற்கான தீர்வு. மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் கண்டறிந்த இந்த முறைக்கு, 1818இல் ருடால்ஃப் அக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. வண்டி திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதாவது ஒன்று தரையில் உரசித் தேய்ந்தே ஆகவேண்டும். உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். எவ்வளவு அதிகம்? சக்கரங்களோடு இணைந்த இரு சிறு கரங்களையும் சாய்வாக அமைத்து, அவற்றின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை பின்அச்சின் மையத்தில் சந்திக்குமாறு செய்யுங்கள் என்பது 1878 வாக்கில் ழான்தோ தந்த விடை. ஒரு அளவுகோலும் பென்சிலும் போதும். எந்த வண்டிப்பட்டறையிலும் வரைந்துகொள்ளலாம். கணிதப்படி முழுத் துல்லியமானது இல்லையென்றாலும் சாலைக்குப் போதுமான துல்லியம் அதில் இருந்தது. எனக்கு இந்த வரைபடத்தின் மீது தனி மதிப்பு உண்டு. அதைச் செய்த மனிதர் தம் கைக்குள் அடங்கிய பொருள்களைக் கொண்டே ஒரு பிரச்சினையை முடித்துவைத்தார். பின்னாளில் அவர் இறங்கிய மின்சாரத் தொழிலில் அந்த வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

மின்னேற்றம் செய்து மீண்டும் பயன்படுத்தக்கூடிய ஈய மின்கலத்தை 1859இல் உருவாக்கியவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். 1881இல் காமில் ஃபோர் அதன் தகடுகளில் ஈயச் சேர்மப் பசையைப் பூசி, கொள்திறனைப் பெரிதும் கூட்டினார். அதே ஆண்டில் பாரிசில் சர்வதேச மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. குஸ்தாவ் த்ரூவே மின்சாரத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பாரிஸ் தெருவில் ஓட்டிக் காட்டியதும் அவ்வாண்டில்தான். அந்த உற்சாகத்தில் ழான்தோவும் 1881இலேயே தமது முதல் மின்வண்டியைச் செய்தார். கார்ல் பென்ஸ் தமது பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886இல் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். ஆனால் பரிசோதனையிலிருந்து வணிகத்துக்கு வர ழான்தோவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ரயிலில் சென்ற பேட்டரிகள்

1895 ஜூனில் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் 1,178 கிலோமீட்டர் பந்தயம் நடைபெற்றது. அதில் ழான்தோவும் ஒரு மின்சார வண்டியுடன் கலந்துகொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் இரக்கமும் சேர்ந்தே எழுகின்றன. ஒரு முறை மின்னேற்றினால் சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு மேல் ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எப்படிச் செல்வது? பந்தய வழி நெடுகிலும் இடைநிலையங்களில் மின்னேற்றிய பேட்டரிகளை முன்கூட்டியே ரயிலில் அனுப்பிக் காத்திருக்கச் செய்தார். வண்டி வந்ததும் தீர்ந்துபோன பேட்டரிகளை இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்ற வேண்டும். ‘பேட்டரி மாற்று நிலையம்’ என்று இன்று முதலீட்டாளர்களிடம் விளக்கப்படும் யோசனையை ஒரு தனிமனிதர் தம் சொந்தச் செலவில் அன்றே நடத்திப் பார்த்தார். வண்டியால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை.

அந்தப் பந்தயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டு ஒன்பதே முடித்தன. எட்டு பெட்ரோல் வண்டிகள், ஒன்று நீராவி வண்டி. முதலில் வந்து சேர்ந்த எமில் லெவாசோர் தமது பனார்-லெவாசோர் வண்டியை ஏறக்குறைய தொடர்ச்சியாக 48 மணி 48 நிமிடம் ஓட்டியிருந்தார். வண்டியில் இரண்டே இருக்கைகள் இருந்ததால், விதிப்படி முதல் பரிசு நான்கு இருக்கை கொண்ட பெஜோ வண்டிக்குப் போனது வேறு கதை. அன்று பெட்ரோல் நிலையம் என்று ஒன்று எங்கும் கிடையாது. இருந்தும் வழியில் உள்ள ஊர்களில் மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ ஒரு டப்பா பெட்ரோலியச் சாரத்தை வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். ஊற்ற ஐந்து நிமிடம் ஆகும். ழான்தோ தம் எரிபொருளைத் தாமே ஊர் ஊராகக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

ஒரு கணக்கைச் சொன்னால் நிலைமை விளங்கும். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் சுமார் 12,000 வாட்-மணி. அன்றைய எஞ்சின் அதில் பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்தியது என்று வைத்துக்கொண்டாலும் 1,200 வாட்-மணி தேறும். ஈய மின்கலமோ, இன்றைய நல்ல தயாரிப்பில்கூட, ஒரு கிலோவுக்கு 40 வாட்-மணி அளவே தருகிறது. அன்று அதைவிடக் குறைவு. மின்மோட்டார் எவ்வளவு திறமையாக இயங்கினாலும் முப்பது மடங்கு இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. கூடுதல் தூரம் வேண்டுமென்றால் கூடுதல் பேட்டரி ஏற்ற வேண்டும். கூடுதல் பேட்டரியின் எடையைச் சுமக்க மேலும் பேட்டரி வேண்டும்.

நகருக்குள் இந்தக் கணக்கு வேறு மாதிரி. பாரிசின் வாடகைக் குதிரை வண்டிக்காரர் ஒரு நாளில் ஓட்டும் தூரம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். மாலையில் வண்டி தன் கொட்டடிக்குத் திரும்பிவிடும். இரவெல்லாம் மின்னேற்றலாம். 1898 ஜூனில் பிரெஞ்சு ஆட்டோமொபைல் கழகம், குதிரை வண்டிக்கு மாற்றாக எந்த வாடகை வண்டி ஏற்றது என்று அறிய ஒரு போட்டி நடத்தியது. வேகம் அதில் அளவுகோல் இல்லை. பாரிஸ் தெருக்களில் நாள்தோறும் குறிப்பிட்ட தூரம் ஓடி, ஒரு நாள் செலவு எவ்வளவு ஆகிறது என்று காட்ட வேண்டும். ழான்தோவின் வண்டிகளும் அவருடைய போட்டியாளரான லூயி கிரியேஜரின் வண்டிகளும் அதில் சிறப்பாகத் தேறின. பெட்ரோல் தரப்பில் பெயருக்கு ஒரு பெஜோ வண்டி வந்தது. பெருநகர வாடகை வண்டித் தொழிலுக்கு மின்சாரமே பொருத்தம் என்பது அன்று நடுவர்களிடையே எழுந்த பொதுக்கருத்து. ழான்தோவின் வரலாற்றில் இதுவே உண்மையான வெற்றி என்பேன். உலகம் நினைவில் வைத்திருப்பது ஆறு மாதம் கழித்து அஷேரில் நடந்ததை.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான புகழ்

அஷேர் போட்டியை ஏற்பாடு செய்தது ‘லா ஃபிரான்ஸ் ஆட்டோமொபில்’ என்ற இதழ். ஷாஸ்லு-லோபா மின்சாரக் கட்சிக்காரர் அல்லர். முந்தைய ஆண்டு ஒரு நீராவி வண்டியில் மார்சேய்–நீஸ்–லா துர்பி பந்தயத்தை வென்றவர். எது வேகமாக ஓடுமோ அதை ஓட்டுபவர். அவர் சாதனை படைத்த செய்தி பரவியதும், பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ழெனாட்ஸி அறைகூவல் விடுத்தார். அவரும் பாரிசில் மின்சார வாடகை வண்டிகளைச் செய்து விற்கத் துடித்துக்கொண்டிருந்தவர். அடுத்த நான்கு மாதங்கள் அந்த ஒரே சாலையில் நடந்தது ஒரு விளம்பரப் போர்.

1899 ஜனவரி 17இல் ழெனாட்ஸி மணிக்கு 66 கிலோமீட்டரைத் தாண்டினார். அதே நாளில் ஷாஸ்லு-லோபா, ழான்தோ வண்டியில் 70.31 கிலோமீட்டர் எட்டினார். இலக்கை நெருங்கும்போது மோட்டார் எரிந்துபோனது. பத்து நாள் கழித்து ழெனாட்ஸி 80.35. மார்ச் 4இல் ழான்தோ தம் வண்டியின் உடலை மாற்றியமைத்துக் கொண்டுவந்தார். காற்றைக் கிழிக்கும் கூரிய மூக்கு அதற்கு இருந்தது. வேகம் ஏறத்தாழ 92.7 கிலோமீட்டர். ஏப்ரல் 29இல் ழெனாட்ஸி, குண்டு வடிவில் செய்யப்பட்ட தமது வண்டியில் 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, நூறைக் கடந்த முதல் கார் ஓட்டி ஆனார். அந்த வண்டிக்கு ‘என்றும் திருப்தியடையாதவள்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயர். அது இன்றும் கொம்பியேன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அறுபத்து மூன்றிலிருந்து நூற்றைந்துக்குப் போக, வடிவம் மாறாதிருந்தால், நான்கரை மடங்குக்கும் மேற்பட்ட திறன் வேண்டும். ஆகவேதான் இருவரும் வண்டியின் வடிவத்தில் கைவைத்தார்கள். வண்டி உடல் செய்யும் பட்டறையிலிருந்து வந்த ழான்தோ, கூர்மூக்கை முதலில் முயன்றதில் வியப்பில்லை.

ஆனால் அஷேரில் நிரூபிக்கப்பட்டது என்ன? மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையைத் தரும். பேட்டரியிலிருந்து குறுகிய நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சலாம். ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு பேட்டரி தீர்ந்தால் என்ன, மோட்டார் எரிந்தால் என்ன? மின்சார வண்டிக்கு வேகம் வராது என்று அன்று சந்தேகப்பட்டவர்கள் குறைவு. எவ்வளவு தூரம் போகும், பேட்டரி எத்தனை மாதம் உழைக்கும் என்பதே வாங்குவோரின் கேள்வி. கேட்கப்படாத கேள்விக்கு ழான்தோவும் ழெனாட்ஸியும் பணத்தைக் கொட்டி விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ழெனாட்ஸியின் சாதனை 1902 ஏப்ரலில் லெயோன் செர்போலேயின் நீராவிக் காரால் நீஸ் நகரில் முறியடிக்கப்பட்டது. பெட்ரோல் கார் ஒன்று இந்தப் பட்டியலில் முதன்முதலாக ஏறியது அதே ஆண்டு ஆகஸ்டில். அதற்குள் பெட்ரோல் கார்களின் விற்பனை எங்கோ போய்விட்டது. வேகப் பட்டியலுக்கும் சந்தைக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தம் கையில் இல்லாதவை

ழான்தோவின் வண்டியில் மிக விலையுயர்ந்த பாகம் பேட்டரி. அதை அவர் தயாரிக்கவில்லை. 1895 பந்தயத்தில் அவர் பயன்படுத்தியது ஃபுல்மென் நிறுவனத்தின் பேட்டரிகள். 1899இல் அவரைத் தோற்கடித்த ழெனாட்ஸியின் வண்டியிலும் இருந்தவை ஃபுல்மென் பேட்டரிகளே. யார் வென்றாலும் பேட்டரிக் கடைக்காரருக்கு வியாபாரம்.

அந்தப் பேட்டரிகள் கல் பாவிய தெருக்களுக்கு ஏற்றவை அல்ல. ஈயத் தகடுகளில் பூசப்பட்ட பசை, வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்து அடியில் படியும். கொள்ளளவு மெல்ல மெல்லக் குறையும். சரியாக மின்னேற்றாமல் விட்டால் தகடுகள் வெளுத்துச் செயலிழக்கும். குதிரைக்குத் தீவனம் போடுவது போல, தகடுகளை மாற்றிக்கொண்டே இருப்பதும் தொழிலின் நிரந்தரச் செலவாயிற்று. கனமான வண்டி, டயர்களையும் வேகமாகத் தின்றது. லண்டனில் வால்டர் பெர்சியின் மின்சார வாடகை வண்டிகள் 1897இல் பெருத்த எதிர்பார்ப்புடன் தெருவுக்கு வந்து, 1899இல் இந்தச் செலவுகளைத் தாங்க முடியாமல் நின்றுபோயின. பாரிசுக்கு அது ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மின்சாரமும் ழான்தோவின் கையில் இல்லை. ‘ஒளி நகரம்’ என்று புகழப்பட்ட பாரிசில், 1880களின் இறுதியில் மின்விநியோகம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டாரத்தில் நேர்மின்னோட்டம். மற்றொன்றில் மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு ஏற்றக்கூடியது நேர்மின்னோட்டம் மட்டுமே. பாரிசுக்குள்ளேயே ஒரு தெருவில் மின்னேற்ற முடிந்த வண்டியை நாலு தெரு தள்ளி அப்படியே செருகி ஏற்ற முடியாது. நகரின் மின்விநியோகத்தை ஒருங்கிணைக்கும் ஏற்பாடு 1907இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே ழான்தோ நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.

வாங்குபவரின் மனமும் மாறிக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் 936 என்ற கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பிரான்சில் நிலைமை அதற்குள்ளாகவே வேறு. பாரிஸ்–பெர்லின், பாரிஸ்–வியன்னா என்று ஆண்டுதோறும் நடந்த நெடும்பந்தயங்கள் பெட்ரோல் வண்டிகளின் திருவிழாக்கள் ஆயின. பணம் படைத்தவர்கள் காரை நகரத்துக்குள் சத்தமில்லாமல் போய்வரும் ஊர்தியாக வாங்கவில்லை. தெரியாத ஊருக்குப் போய்ப் புழுதியோடு திரும்பிவரும் சாகசத்துக்காக வாங்கினார்கள். வழியில் பழுதாகி நின்றாலும் அது பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதையாயிற்று. மின்சார வண்டியின் அமைதியும் ஒழுங்கும் அவர்களுக்கு ஒரு குறையாகவே பட்டிருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

மின்சாரத் தரப்பு கைகட்டி நிற்கவில்லை. 1901இல் கிரியேஜரின் வண்டி ஒன்று பாரிசிலிருந்து ஷாத்தெல்ரோ வரை 307 கிலோமீட்டர் தூரத்தை ஒரே மின்னேற்றத்தில் ஓடியது. மெச்சத்தக்கதுதான். ஆனால் சாதனைக்கென்று ஓடிய அந்த ஒரு பயணத்தை வாடிக்கையாளர் ஒருவர் தம் வண்டியில் திரும்பச் செய்ய முடியாது. அமெரிக்காவில் எடிசன் நிக்கல்-இரும்பு மின்கலம் ஒன்றை அறிவித்தார். எடை குறையும், ஆயுள் கூடும் என்றார். சந்தைக்கு வந்தவை கசிந்ததால் திரும்பப் பெறப்பட்டன. திருத்திய வடிவம் வெளிவருவதற்குள் அந்தப் பத்தாண்டு முடிந்துவிட்டது. வரப்போகும் பேட்டரியைக் காத்திருந்து தொழில் நடத்துவது அன்றே தொடங்கிய வழக்கம்.

இதற்கிடையில் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆண்டும் தேறிக்கொண்டே வந்தது. சூடான குழாயால் எரிபொருளைப் பற்றவைத்த முறை போய், மேக்னெட்டோ மூலம் மின்பொறி எழுப்பும் முறை வந்தது. கூட்டுத்தேன் வடிவ ரேடியேட்டர் வந்தது. பெட்ரோல் காரை நம்பகமானதாக ஆக்கியதில் மின்சாரத்துக்கு ஒரு பெரும்பங்கு உண்டு என்பது ழான்தோவுக்குக் கசந்திருக்கும். அவரும் 1902 முதல் 1904 வரை பெட்ரோல் வண்டிகளைச் செய்து பார்த்தார். பத்தாண்டு முன்னதாகத் தொடங்கிய பனார், பெஜோ போன்றவர்களோடு அந்தக் களத்தில் அவரால் நிற்க முடியவில்லை.

சதிக் கதையை நான் ஏற்காததற்கு இந்த ஆண்டுகளே காரணம். மின்சாரக் காரின் வீழ்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஃபோர்டு மாடல்-டி கார் வந்தது 1908இல். கைப்பிடி சுழற்றாமலே பெட்ரோல் எஞ்சினை இயக்கவைத்த மின்தொடக்கி கேடிலாக் கார்களில் வந்தது 1912இல். மாடல்-டி சாலைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ழான்தோ நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. எண்ணெய் முதலாளிகள் சதி செய்யவும் அவர் நேரம் கொடுக்கவில்லை.

அவரை உண்மையில் வீழ்த்தியது எங்கே என்று தேடினால், அவர் மிகவும் வலுவாக இருந்த இடத்துக்கே வந்து நிற்போம். 1905இல் பாரிஸ் வாடகை வண்டி நிறுவனம் ஒன்று லூயி ரெனோவிடம் 250 வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. இரண்டு உருளை கொண்ட சிறிய பெட்ரோல் எஞ்சின், தூரத்துக்கேற்பக் கட்டணம் காட்டும் மீட்டர், எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள். ஏழே ஆண்டுகளுக்கு முன் மின்சாரத்துக்குரியது என்று கருதப்பட்ட வாடகை வண்டித் தொழில், மலிவான, எளிமையான பெட்ரோல் வண்டியிடம் போனது. அந்த வண்டி பகலில் ஒரு ஓட்டுநரும் இரவில் ஒரு ஓட்டுநருமாகத் தொடர்ந்து ஓடலாம். மின்னேற்றத்துக்காகப் பாதி நாள் படுத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ழான்தோ நிறுவனம் மூடப்பட்டது. அவரும் அதே 1906இல் மறைந்தார். 1914 செப்டம்பரில் மார்ன் போர்முனைக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற சுமார் 600 பாரிஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை அந்த ரெனோ வகை வண்டிகளே.

இன்று லித்தியம் பேட்டரி, கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணிவரை தருகிறது. மின்மோட்டாரின் திறமையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ழான்தோவை அழுத்திய எடைச் சுமை பெருமளவு நீங்கிவிட்டது. ஆகவே அவருடைய தோல்வியைக் காட்டி இன்றைய மின்சாரக் காரும் தோற்கும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த மற்ற இரண்டு நிலைமைகளும் இன்னும் நீங்கவில்லை. கார் செய்யும் நிறுவனங்களில் பல, மின்கலங்களை மிகச் சில தயாரிப்பாளர்களிடமிருந்தே வாங்குகின்றன. விரைவு மின்னேற்றச் செருகிகளோ, ஐரோப்பாவில் ஒரு வடிவம், ஜப்பானில் ஒன்று, சீனாவில் வேறொன்று, வட அமெரிக்காவில் மற்றொன்று எனப் பிரிந்து கிடக்கின்றன. ஆயினும் புதிய மின்சாரக் கார் ஒன்று அறிமுகமாகும் விழாவில் முதலில் உரக்கச் சொல்லப்படுவது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடிகளில் எட்டும் என்பதுதான்.